மீட்டருக்கு இந்தப் பக்கம்: கட்டடக் குடிநீரைச் சோதிக்க எந்த வழி?

சிங்கப்பூரில் கூட்டுரிமைக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவிலோ கோயில் நிர்வாகத்திலோ பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் எப்படியும் வந்துசேரும்: கட்டடத்துக் குடிநீரைச் சோதிக்க எந்த வழிக்குப் பணம் ஒதுக்குவது? யாரோ ஒருவர் வீட்டுக் குழாயில் பழுப்பாகத் தண்ணீர் வந்த பிறகுதான் பெரும்பாலும் வரும். அன்றைய கூட்டத்தில் நான்கு யோசனைகள் கிளம்பும். "அதுதான் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்த்துக்கொள்கிறதே, நமக்கென்ன" என்பார் ஒருவர். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து நீரில் கரைந்த உப்பின் அளவை (டிடிஎஸ்) காட்டும், பேனா அளவுள்ள கருவியை எடுப்பார். மூன்றாமவர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வார். நான்காமவருக்குத் தொழில்நுட்பத்தில் நம்பிக்கை அதிகம். தொட்டியிலேயே உணரி பொருத்திவிட்டால் கைப்பேசியில் எண்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான்கும் நான்கு வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. நான் கேட்பது வேறு: இந்த எண் மாறினால் நாம் செய்கிற காரியம் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்தச் சோதனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம்.

முதலில், நாட்டின் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தை நம்பலாம் என்பவரின் கட்சியைப் பார்க்கலாம். அவர் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் நான்கு வழிகளில் வருகிறது: உள்ளூர் நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜொகூர் ஆறு, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர், கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய நீர். நான்கையும் ஒரே மாதிரி சோதித்தால் போதாது. 17 நீர்த்தேக்கங்களிலும் பாசியே முதல் கவலை. பாசி பெருகினால் மண்வாசனை வரும்; சில வகை நீலப்பச்சைப் பாசிகள் நச்சும் உண்டாக்கும். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி என்பதால், வீதியில் விழும் மழையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது. கடல்நீர் ஆலைகளில் போரான் மீது ஒரு கண் வைக்க வேண்டும். நீரை வடிக்கும் நுண்ணிய சவ்வு உப்பைத் தடுப்பதுபோல் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. புதுநீரில் சவ்வின் நலமே எல்லாம். சவ்வைத் தாண்டி வரும் நீரில் மின்கடத்துதிறனோ கரிமப் பொருளின் அளவோ சற்று ஏறினாலும் எங்கோ கசிவு இருக்கலாம் என்று பொருள்.

ஜொகூர் ஆற்றில் கவலை அம்மோனியா. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா அளவு எகிறியபோது, கழகம் அங்குள்ள தன் சுத்திகரிப்பு ஆலையில் நீர் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2017-இலும் இப்படி நடந்தது. அம்மோனியா குளோரினோடு வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். கிருமியைக் கொல்ல ஊற்றும் குளோரின் கிருமியிடம் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மறுநாள் அறிக்கை பார்த்துச் செய்கிற காரியம் அல்ல இது. நிமிடங்களில் தெரியவேண்டும், உடனே வாயிலை மூடவேண்டும். ஆகவே மூலத்தில் தொடர் கண்காணிப்புக்குத்தான் முதலிடம். சென்ற பத்தாண்டில் ரோபோ அன்னங்கள் நம் நீர்த்தேக்கங்களில் மிதந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். கழகம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தவை. அழகுக்காக விட்டவை அல்ல. நீரில் கரைந்த ஆக்சிஜன், கலங்கல், பச்சையம் ஆகியவற்றை அளந்தபடி நீந்தின. இன்னோர் ஏற்பாட்டில் சிறிய மீன்களைத் தொட்டியில் நீந்தவிட்டு, அவற்றின் அசைவைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். எந்த நஞ்சு என்று மீனுக்குச் சொல்லத் தெரியாது. 'ஏதோ சரியில்லை' என்று உடனே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு எது என்று கண்டுபிடிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை.

இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வேகமாகச் சொல்வது துல்லியமாகச் சொல்லாது, துல்லியமாகச் சொல்வதற்கு நேரம் பிடிக்கும். கட்டடத்துக்கும் இதே சிக்கல்தான், அளவுதான் சிறியது.

மூலத்திலும் ஆலையிலும் இத்தனை காவல் இருக்கிறது. குடிப்பதற்கேற்ற நீர் பற்றிய 2019 விதிமுறைகளைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு மேற்பார்க்கிறது. அவை உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டியவை. கழகமும் குடிநீர்த் தர அறிக்கையைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஆகவே ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் பற்றிய கவலையை நிர்வாகக் குழு இறக்கிவைத்துவிடலாம். போரான் சோதனைக்கு நீங்கள் பணம் கட்டினால் கழகம் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு இரண்டாம் முறை பணம் கட்டுகிறீர்கள்.

ஆனால் அவருடைய வாதம் கட்டடத்தின் தண்ணீர் மீட்டரோடு முடிந்துவிடுகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாய், பம்பு, தரைத்தொட்டி, மாடித்தொட்டி எல்லாம் கட்டட உரிமையாளரின் பொறுப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் தொட்டிகளை நகர மன்றம் பார்த்துக்கொள்கிறது. கூட்டுரிமைக் குடியிருப்பில் அது நிர்வாகக் குழுவின் தலையில். கீழ்மாடி வீடுகளுக்கு நீர் நேரடியாகக் குழாயிலிருந்து வரும். மேல்மாடிக்கு வருவது தொட்டியில் தங்கிய நீர். நம் ஊர் வெயிலில், மொட்டைமாடியில், பாதிப் பேர் விடுமுறைக்குப் போன டிசம்பரில், அந்த நீர் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதை எந்த தேசிய அறிக்கையும் சொல்லாது. தொட்டியை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது உரிமம் பெற்றவரைக் கொண்டு பார்வையிட்டுச் சான்று பெறவேண்டும் என்ற விதி இதற்காகத்தான். ஒரு வருடத்தில் ஒருநாள் நன்றாக இருந்தது என்பது மீதி 364 நாளுக்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும்.

இப்போது டிடிஎஸ் பேனாவுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இந்தக் கருவியைப் பெட்டியிலேயே கொண்டுவருகிறார்கள். அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறிவிட்டதா, கேன் தண்ணீர் நிஜமாகவே சவ்வு வழியாக வந்ததா என்று பார்க்க உதவும். இங்கே வீட்டுக் குழாயில் வரும் நீர் உப்பு நீர் அல்ல. கருவி அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதைக் கரைந்த உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனம் டிடிஎஸ்ஸுக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சுவை நன்றாக இருக்கும் என்பதே அது சொல்வது. பாக்டீரியா இருக்கிறதா என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கருவியின் கடைசி இலக்கம் ஒரு மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். வரம்பைப்போல் பல மடங்கு ஈயம் இருந்தாலும் திரையில் ஓர் எண்கூட நகராது. சாம்பாரில் உப்புப் பார்த்துவிட்டு அது கெட்டுப்போகவில்லை என்று சொல்வதற்கு நிகரானது இந்தச் சோதனை.

இதன் கூடப்பிறந்த வித்தை ஒன்றும் உண்டு. வடிகட்டி விற்க வீடு தேடி வருபவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசையில் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய் நீர், மற்றதில் அவருடைய வடிகட்டியின் நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்துவார். சில நொடிகளில் குழாய் நீர் துருப்பிடித்த கஞ்சி மாதிரி மாறும். வடிகட்டிய நீர் தெளிவாகவே நிற்கும். வீட்டுப் பாட்டிக்கு வயிற்றைக் கலக்கிவிடும். நடப்பது இதுதான்: குழாய் நீரில் இயற்கையான தாதுக்கள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, அந்த மின்சாரம் இரும்புக் கம்பியைக் கரைக்கிறது, கரைந்த இரும்புதான் அந்தப் பழுப்பு. வடிகட்டிய நீரில் தாது இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. அவருடைய நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுவார்.

கையடக்கச் சோதனைகளில் நான் ஏற்றுக்கொள்வது ஒன்று உண்டு: கிருமியைக் கொல்லச் சேர்த்ததில் நீரில் மிச்சம் நிற்கும் குளோரினை அளக்கும் எஞ்சிய குளோரின் சோதனை. சிறு குப்பியில் நீரை எடுத்து மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியே அளவு. மாத்திரைகள் மலிவு, கட்டடப் பராமரிப்பாளர் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆனால் வாங்கும்போது கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் குழாய் நீரில் எஞ்சி நிற்பது தனிக் குளோரின் அல்ல, குளோரமின்; குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, வெப்பத்தில் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். மீன் வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நீரை வாளியில் ஓர் இரவு வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்ற ஊர்க் கணக்கு இங்கே செல்லாது, அதற்கென்று மருந்து விடவேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் பட்டைகளில் சில தனிக் குளோரினை மட்டும் காட்டும். அதை நம் குழாயில் நனைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் வரும், குடியிருப்பாளர்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் கலவரம் வெடிக்கும். வாங்கவேண்டியது மொத்தக் குளோரினை, அதாவது குளோரமினையும் சேர்த்து, அளக்கும் மாத்திரை.

இந்த எண் நம் செயலை மாற்றுகிறதா? மாற்றுகிறது. மீட்டருக்கு அருகிலுள்ள குழாயில் ஓர் அளவு, மாடித்தொட்டியின் வெளிக்குழாயில் ஓர் அளவு எடுக்கிறோம். இரண்டும் நெருக்கமாக இருந்தால் நீர் தொட்டியில் வேகமாகப் புரள்கிறது. தொட்டியில் வெகுவாகக் குறைந்திருந்தால் நீர் தேங்குகிறது, அல்லது அடியில் வண்டல் சேர்ந்திருக்கிறது, அல்லது குளோரமின் சிதைந்து விடுபட்ட அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடிபுகுந்திருக்கிறது. உடனே செய்யக்கூடிய காரியம் இருக்கிறது: மிதவை வால்வைத் தாழ்த்தித் தொட்டியில் நிற்கும் நீரைக் குறைப்பது, மூடியையும் காற்றுக்குழாயின் வலையையும் பார்ப்பது, தேவையானால் சுத்தம் செய்ய நாள் குறிப்பது.

ஆய்வுக்கூடச் சோதனைதான் கிருமியைப் பற்றிப் பேசும் தகுதியுள்ள ஒரே வழி. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. மலக்கலப்புக்கு அது அடையாளம். ஈ.கோலியையும் உள்ளடக்கிய கோலிபார்ம் என்ற பாக்டீரியா வகையின் மொத்த அளவு, பொதுவான பாக்டீரியா எண்ணிக்கை ஆகிய இரண்டும் தொட்டியின் நலத்தைக் காட்டும். விடை வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதற்குள் அந்த நீரை எல்லாரும் குடித்திருப்பார்கள் என்பது இதன் குறை. தேர்ந்தெடுக்கும்போது சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சான்று அந்த ஆய்வுக்கூடத்துக்கு இருக்கிறதா, அதுவும் இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உணவுச் சோதனைக்குச் சான்று பெற்ற கூடம் நீருக்கும் பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அறிக்கையைவிட மாதிரி எடுக்கும் விதத்தில்தான் காசு வீணாகும். எங்கள் கட்டடத்துக்கு வந்த இளைஞர் வேலை செய்ததைக் கூடவே நின்று பார்த்தேன். குழாய் வாயில் இருந்த வலையைக் கழற்றினார். ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் வாயை உள்ளும் புறமும் துடைத்தார். நீரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டார். பிறகுதான் புட்டியைத் திறந்தார்; மூடியைக் கீழே வைக்காமல் கவிழ்த்தபடி கையிலேயே பிடித்துக்கொண்டார். புட்டியின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி.

"தம்பி, புட்டியை ஒருமுறை அலசிவிட்டுப் பிடிக்கக்கூடாதா?" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்.

"அலசினால் மருந்து போய்விடும் அங்கிள். வழியில் குளோரின் கிருமியைக் கொன்றுவிடாமல் இருக்கத்தான் அந்தப் பொடி. கொன்றுவிட்டால் அறிக்கை நன்றாக வரும், உங்கள் தொட்டி நன்றாக இருக்காது" என்றார்.

தியோசல்பேட் என்ற அந்தப் பொடி குளோரினைச் செயலிழக்கச் செய்து, மாதிரி எடுத்த கணத்தில் நீர் எப்படி இருந்ததோ அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்கவேண்டும். நீங்களே பழைய மினரல் வாட்டர் புட்டியில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

ஈயம், செம்பு பற்றிய சோதனை வேறு கணக்கு. பழைய கட்டடத்தின் பற்றவைப்பிலும் பித்தளைப் பாகங்களிலும் இருந்து இவை கசியலாம். நீர் குழாயில் இரவெல்லாம் நின்றபோதுதான் கசிவு அதிகம் என்பதால், காலையில் முதலில் விழும் லிட்டரைப் பிடிக்கவேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் உண்மை வடிகாலில் போய்விடும். கிருமிக்கு ஓடவிட வேண்டும், ஈயத்துக்கு ஓடவிடக்கூடாது. ஒரே புட்டியில் இரண்டையும் பார்த்துத் தருகிறேன் என்பவருக்கு வேலை தெரியாது. இதை ஒருமுறை செய்து பார்த்தால் போதும், குழாய்களை மாற்றும்வரை மறுபடி தேவையில்லை. அளவு கூடுதலாக வந்தாலும் அடுத்த நாளே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: காலையில் சமையலுக்குப் பிடிக்குமுன் நீரைச் சற்று ஓடவிடுவது. ஒரு கன மீட்டர் நீர் 3.24 வெள்ளி என்று வைத்தால் ஐந்து லிட்டரை ஓடவிட இரண்டு காசுகூட ஆகாது. அதையும் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது என்பதை, பிளாஸ்க் நிறையக் கொதிநீர் வைத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

தொட்டியில் நிரந்தர உணரி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கருவியை வாங்குவது சிறு செலவு. மாதந்தோறும் அளவுதிருத்தம் செய்ய ஆள் வேண்டும். திருத்தப்படாத உணரி மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும், அதுவும் இரண்டு தசம இலக்கத்தோடு நம்பிக்கையாகச் சொல்லும். நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் பார்க்க ஆள் இருக்கும் மருத்துவமனைக்கும் பெரிய ஹோட்டலுக்கும் இது தகும். இருநூறு வீட்டுக் குடியிருப்பில் அந்த எச்சரிக்கை நிர்வாகியின் தூக்கத்தைக் கெடுப்பதோடு சரி.

கோயில்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அன்னதானக் கூடத்தில் பெரும்பாலும் கரி வடிகட்டி வைத்த குடிநீர்ச் சாதனம் இருக்கும். கரி குளோரமினை நீக்கிவிடுகிறது, சுவை நன்றாகிறது. காவலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. மாற்றாமல் விட்ட வடிகட்டியில் பாக்டீரியா சுகமாக வளரும். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கானோர் குடிக்கும் சாதனம் மற்ற வாரங்களில் பாதி சும்மா நிற்கும் என்றால் கவலை இன்னும் அதிகம். அங்கே மாதிரியை வடிகட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எடுக்கவேண்டும். முன்னால் சுத்தம், பின்னால் அசுத்தம் என்று வந்தால் தொட்டியைக் கழுவிப் பயனில்லை. வடிகட்டியைத் தூக்கிப்போட வேண்டும். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக எடுத்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஆக, நானாக இருந்தால் பணத்தை இப்படிப் பிரிப்பேன். டிடிஎஸ் பேனாவுக்கும் உணரிக்கும் ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை பராமரிப்பாளர் இரண்டு இடங்களில் மொத்தக் குளோரின் அளந்து நோட்டில் எழுதட்டும். ஆண்டுப் பார்வையீடும் சான்றும் விதிப்படி நடக்கட்டும். அதற்கு ஆறு மாதம் தள்ளி இன்னொரு முறை கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்தை அழைக்கலாம். தொட்டி கழுவியபின், பம்பு பழுதுபார்த்தபின் கட்டாயம் அழைக்க வேண்டும். கட்டடம் பழையது என்றால் மேல்மாடி, நடுமாடி, கீழ்மாடி என மூன்று வீடுகளில் ஈயத்துக்கு ஒருமுறை. வீவக வீட்டில் தனியாக இருப்பவருக்கு இதில் எதுவும் தேவையில்லை. நிறமோ மணமோ மாறினால் கழகத்தையும் நகர மன்றத்தையும் அழைப்பதும், குழாய் வாயின் வலையை அவ்வப்போது கழற்றிக் கழுவுவதும் போதும்.

ஆய்வுக்கூடத்தை அழைக்கும்போது ஒரே புட்டியோடு அனுப்பிவிடாதீர்கள். மீட்டருக்கு அருகில் ஒன்று, தொட்டியின் வெளிக்குழாயில் ஒன்று, தொட்டியிலிருந்து மிகத் தொலைவான வீட்டுச் சமையலறையில் ஒன்று. மூன்றும் ஒரே காலையில். கோலிபார்ம் சமையலறையில் மட்டும் வந்தால் அந்த வீட்டுக் குழாயையும் வடிகட்டியையும் பார்க்கவேண்டும். தொட்டியிலும் சமையலறையிலும் வந்து மீட்டரில் வராவிட்டால் தொட்டியில் கோளாறு; அன்றைக்கே குடியிருப்பாளர்களுக்கு அறிவிப்பு ஒட்டி, குடிக்கும் நீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி, தொட்டியைக் காலிசெய்து கழுவிக் கிருமி நீக்க வேண்டும். மீட்டரிலேயே வந்தால் கூட்டம் போடவேண்டியதில்லை, நேராகக் கழகத்துக்கு அழைப்பு. எதுவானாலும் அதே மூன்று இடங்களில் மறுபடி எடுத்த மாதிரியின் அறிக்கை கைக்கு வரும்வரை மின்தூக்கிக்குள் ஒட்டிய அறிவிப்பைக் கிழிக்கக்கூடாது.